கோளும் கோலும்

1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடியும் பிரளயம் வரவில்லையே, ஏன்?

கூடியவை ஏழே! எட்டாவதாக எண்ணப்பட்ட கேது ஒரு கோளன்று. சந்திரனுடைய பாதையும் சூரியனுடைய பாதையும் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளி. யாகசாலைகளில் நெய்யைச் சொரிந்து அச்சத்தோடு வானத்தை நோக்கியிருந்த அதே ஜனங்கள், இரண்டு வாரம் கழித்துப் பொதுத்தேர்தலில் வரிசையில் நின்று, அடுத்த ஐந்தாண்டுக்கான அரசைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை எண்ணும்போது, பயத்தைக் காட்டிலும் நம்பிக்கைக்கே ஆயுள் அதிகம் என்பது விளங்குகிறது.

அவ்வாண்டு அக்டோபரில் சீனப் படை எல்லை கடந்ததே, அது அஷ்டக்கிரகப் பலன் அல்லவா?

அதே கிரகங்கள் பீக்கிங் நகரத்து வானத்திலும் அல்லவா கூடியிருந்தன? இமயத்துப் பனியில் உயிர்நீத்த வீரர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை, அத்தோல்வியின் காரணங்களை மண்ணிலே தேடுவதுதான்.

தை முதல் நாளில்தானே உத்தராயணம் பிறக்கிறது?

கோளைக் கேட்குமுன் கோலைக் கேளுங்கள். முற்றத்தில் ஒரு கோலை நட்டு, தினந்தோறும் நண்பகலில் அதன் நிழலை அளந்து வந்தால், நிழல் மிக நீண்டு பின்பு குறுகத் தொடங்கும் நாள், டிசம்பர் 22 வாக்கில், மார்கழி முதல் வாரத்திலேயே வந்துவிடுவதைக் காண்பீர்கள். பூமியின் அச்சு பம்பரத்தைப் போல மெல்லத் தள்ளாடுவதால், ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் அயனம் நகர்கிறது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் தைப் பிறப்பும் உத்தராயணப் பிறப்பும் ஒன்றாகவே நிகழ்ந்தன. அந்த நகர்வைப் பஞ்சாங்கமே அயனாம்சம் என்று குறிக்கிறது. வானத்தை உற்றுநோக்கிய முன்னோர்க்கு, நாமும் உற்றுநோக்குவதே உண்மையான வந்தனம்.