பச்சை மீனும் மேட்டூர்க்காரரும்

சென்னையில் மகன் சுஷி வாங்கித் தந்தான். தட்டில் இருந்த பச்சை மீன் எதுவும் அடையாளம் தெரியவில்லை. மீன் ஊரில் பிறந்தவனுக்கு இது அவமானம் இல்லையா? (வாசகர், மேட்டூர்)

அணைப் பூங்கா பக்கம் மிளகாய்ப்பொடி பூசி அடுக்கியிருக்கும் மீனில் கட்லா எது, ரோகு எது என்று தள்ளி நின்றே சொல்வீர்களே, உங்களுக்கா அவமானம்? தலையும் செதிலும் போனால் மீனுக்கு நிறம்தான் முகவரி. கருஞ்சிவப்பு என்றால் சூரை. ஆரஞ்சில் வெள்ளை வரி ஓடினால் சால்மன். வெள்ளைச் சதையில் சிவப்புத் தீற்றல் இருந்ததா? அது உங்கள் ஊர்க்காரராகவே இருக்கலாம்! 1952-ல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியாவைத்தான் நாம் ஜிலேபி என்கிறோம். அதன் இனத்து மீனை சுஷிக் கடைகளில் 'இசுமிதாய்' என்று விற்பதுண்டு. ஜிலேபிக்கு ஜப்பானியப் பேர்!

அதற்காக அணை மீனை வீட்டில் பச்சையாக நறுக்கிவிடாதீர்கள். நன்னீர் மீனில் மனிதரைத் தொற்றும் புழுக்கள் இருக்கலாம். பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைப்பது அவற்றைக் கொல்லத்தான். எலுமிச்சையும் வினிகரும் அவற்றைக் கொல்லாது. மேட்டூர் மீனைப் பொரித்தே சாப்பிடுங்கள்.