நின்று பயன் இன்மை: நெடுநாள் நின்ற பத்மினியின் மிஸ்ஸிங் குறித்து ஓர் இலக்கண ஆராய்ச்சி

பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று அதன் பாயிரத்தில் வகுத்துவைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை புலவர்கள் அந்தப் பத்தையும் பிறர் எழுதிய நூல்கள்மீதே ஏவி வந்திருக்கிறார்கள். ஆனால் அவை நூல்களைவிட, ஷெட்டில் பல வருடம் நின்று மறுபடி கிளப்பப்பட்ட பிரீமியர் பத்மினிக்கே கச்சிதமாகப் பொருந்துகின்றன என்பது நம் துணிபு. இதை இதுகாறும் ஒருவரும் சொல்லாததற்குக் காரணம் எளிது. நன்னூல் நடத்தியவர்களிடம் கார் இல்லை. கார் வைத்திருந்தவர்கள் பாயிரத்தைத் தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்டார்கள்.

முதற்கண் ஆய்வுப்பொருளை வரையறுப்போம். பம்பாய் குர்லாவில் ஃபியட் 1100 காரைத் தழுவிச் செய்யப்பட்ட வண்டி இது. நான்கு சிலிண்டர், 1089 சிசி, கார்பரேட்டர் வழிப் பெட்ரோல், சிபி பாயிண்ட் வழிக் கரண்ட். கம்ப்யூட்டர் என்று எதுவும் இல்லாததால், தன் குற்றத்தை விளக்குப் போட்டுக் காட்டாது, குரலில்தான் காட்டும். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது போர்ட்டிகோவில் தார்ப்பாய் போர்த்தி நிற்பது என்பது இதன் பொதுவான வரலாறு. "நல்ல கண்டிஷன் சார், பேட்டரி மட்டும் மாத்தினா போதும்" என்பது வீட்டார் கூற்று.

அக்கூற்றை ஏற்றுப் பேட்டரி மாற்றிச் சாவியைத் திருப்பினால், வண்டி கிளம்பவும் செய்கிறது. ஆனால் ஐடிலிங்கில் நிற்பதில்லை. உடம்பு முழுக்க உதறுகிறது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஒரு கணம் யோசித்துவிட்டு இருமுகிறது. இதையே 'மிஸ்ஸிங் அடிக்குது' என்பர் மெக்கானிக்குகள். இதற்குக் காரணம் யாது என்பதில் உரையாசிரியர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். 'பெட்ரோலே' என்பார் ஒருசாரார். 'கரண்டே' என்பார் மற்றொரு சாரார். இருவரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒருநாள் திடீரென்று மக்கர் செய்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். நின்ற வண்டிக்கு அந்த விதி செல்லாது. அங்கே பத்துக் குற்றமும் ஒரே காலத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், இருட்டில் சாவதானமாக வளர்ந்திருக்கும். ஆகவே பவணந்தியார் பத்தாவதாக வைத்த 'நின்று பயன் இன்மை'யை நாம் முதலில் வைக்கிறோம். மற்ற ஒன்பதும் அதன் பிள்ளைகள்.

பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். அது ஒற்றைப் பொருளன்று. பல நீர்மங்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாவது எதுவோ அதுவே குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவுவது; நிற்கிற வண்டியில் முதலில் காணாமல் போவதும் அதுவே. மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாகிறது. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை போய், பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் இன்னொரு சங்கடம்: எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் கூட்டுச் சேர்ந்து டேங்கின் அடியில் தனிக்குடித்தனம் போய்விடும். வண்டியின் டியூப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். பத்மினி காலத்து ரப்பர் டியூப்கள் எத்தனாலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவையும் அல்ல. எனவே பழைய பெட்ரோலின்மேல் புதியதை ஊற்றி 'கலந்து ஓடிவிடும்' என்பாரை மறுக்க.

இந்தப் பிசின் போய் உட்காரும் இடம் கார்பரேட்டர். ஐடிலிங்குக்கான ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான். அது பாதி அடைத்தாலே பெட்ரோல் குறைந்து காற்று மிகும். அது 'குன்றக் கூறல்'. மாறாக, ஃப்ளோட் ஊசி திறந்தபடி ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் வழியும். கறுப்புப் புகை, பிளக்கின் முனையில் காய்ந்த கரி. அது 'மிகைபடக் கூறல்'. சோக்கை இழுத்தால் ஓடுகிறது, உள்ளே தள்ளினால் அணைகிறது என்றால், ஜெட் அடைத்திருக்கலாம். அல்லது கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கேஸ்கெட் காய்ந்து திருட்டுத்தனமாக ஏர் பிடிக்கலாம். கார்பரேட்டரைக் கழற்றுவதற்கு முன், கிளீனர் ஸ்பிரேயை அந்த இணைப்புகளின்மேல் லேசாக அடித்துப் பார்க்க வேண்டும். சத்தம் மாறுகிற இடமே ஓட்டை. எஞ்சின் சூடேறி இருந்தால் இந்தச் சோதனையில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பதை நகைச்சுவையின்றிச் சொல்லிவைக்கிறோம். ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பி விட்டுக் குத்துவது ஒரு தவறான பாடம். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் பிறகு ஆயுளுக்கும் மிகைபடக் கூறும். ஊறவைத்து ஏர் அடிப்பதே மூலபாடம்.

இனிக் கரண்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு சின்னப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்படி இருக்கும். அவைதான் சிபி பாயிண்ட். ஓடுகிற வண்டியில் அவை பளிச்சென்று இருக்கும். நின்ற வண்டியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அந்தப் படலம் காயிலுக்குப் போகும் கரண்டை நிறுத்திவிடப் போதுமானது. வாட்டர் பேப்பரை இரண்டாக மடித்து நடுவில் விட்டு இழுத்து, பிறகு தூசு போக வெறும் காகிதத்தால் துடைத்து, அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி வைத்துவிட்டால், எத்தனையோ பத்மினிகள் தம் இருமலை அங்கேயே மறந்திருக்கின்றன. இதைச் செய்யாமல் கார்பரேட்டரை மட்டும் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுவது 'கூறியது கூறல்'. தமிழ்நாட்டில் மிகப் பரவலான குற்றம் அதுவே; அதற்குத் தனி பில்லும் உண்டு.

'வழூஉச்சொற் புணர்த்தல்' என்பது பிளக் வயர்களை இடம் மாற்றிச் சொருகுதல். பத்மினியின் சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் வெடிக்கும். வண்டி நின்ற காலத்தில் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு வயர்களைக் கழற்றித் துடைத்து, பள்ளிக்கூட வாய்பாட்டின்படி 1-2-3-4 என்று மாட்டியிருப்பார். விளைவு, கார்பரேட்டர் வழியே வெடிச்சத்தம். 'மயங்க வைத்தல்' இதைவிடக் கொடியது. வீட்டு வாசலில் நன்றாக ஓடும். சூடேறியதும் ரயில்வே கேட்டில் நின்றுவிடும். ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். மெக்கானிக் வந்து பார்க்கும்போது சமத்தாக இருக்கும். கண்டென்சரையோ காயிலையோ சந்தேகிக்க. எலி கடித்த வயரையும் விட்டுவிடாதிருக்க.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதைக் காணும் முறை, இந்த ஆராய்ச்சியிலேயே இன்பமான பகுதி. எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் பிடி போட்ட குறட்டால் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி மாட்ட வேண்டும். வேலை செய்கிற சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் இன்னும் மோசமாகத் தள்ளாடும். எதை எடுத்தால் மாற்றமே இல்லையோ அதுவே சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்த சிலிண்டர். அதில் பிளக்கை மாற்றியும் உயிர் வராவிட்டால் கம்ப்ரெஷன் பார்க்க. குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க. அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. நின்றபோது எந்த வால்வு திறந்த நிலையில் இருந்ததோ அது துருவேறி இறுகியிருக்கலாம். இதனால்தான் பழைய கைகள், நெடுநாள் நின்ற வண்டியைச் சாவி போட்டுக் கிளப்புமுன், எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கிறார்கள். அவசரப்பட்டு நாலு பேரை வைத்துத் தள்ளு ஸ்டார்ட் செய்கிறவர்களை நாம் புலவர் வரிசையில் சேர்ப்பதில்லை.

'சென்று தேய்ந்து இறுதல்' பெயரிலேயே விளங்கும். இரண்டு தெரு நன்றாகப் போய், மூன்றாவதில் மெல்ல மெல்ல மூச்சு வாங்கி நின்றுவிடும். டேங்கின் துரு ஃபில்டரை அடைத்திருக்கலாம். பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் விறைத்திருக்கலாம். டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைப்பு. செலவில்லாத இந்தக் கடைசிச் சோதனையை எல்லாரும் கடைசியாகவே செய்கிறார்கள். சைலன்சரில் குளவி மண்கூடு கட்டியிருப்பதும், ஏர் ஃபில்டருக்குள் எலி பிரசவித்திருப்பதும் இவ்வகையில் அடங்கும்.

'மற்றொன்று விரித்தல்' வண்டியின் குற்றமன்று. பானெட்டைத் திறந்து பத்து நிமிடத்துக்குள் வந்து சூழ்கிறவர்களின் குற்றம். தன் மாமாவின் அம்பாசிடர் எப்படி ஏற்காடு ஏறியது என்று ஒருவர் தொடங்குவார்; எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிடு என்பார் இன்னொருவர்; என்ன விலைக்குத் தருவீர்கள் என்பார் மூன்றாமவர். அவர்கள் சொல்கிற எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்பது தெரியாது. சரியாகாவிட்டாலோ பழைய குற்றத்தோடு புதிய பாகத்தின் குற்றமும் சேரும். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்தது என்பதே இக்கட்டுரையாசிரியர் கொண்ட பாடம்.

எஞ்சிய குற்றங்களை வந்துழிக் காண்க. எஞ்சின் சீராக ஓடத் தொடங்கியதும் அந்த உற்சாகத்தில் வண்டியைத் தெருவுக்கு இறக்கிவிடுவார் உண்டு. நின்ற காலத்தில் பிரேக் ஆயிலும் ஈரம் குடித்திருக்கும், வீல் சிலிண்டர் இறுகியிருக்கும், டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடித்திருக்கும். அவற்றை இங்கே பேசினால் நமக்கும் மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் வரும் என்பதால் பேசவில்லை. கட்டுரையில் இல்லை என்பதற்காகப் பார்க்காமல் இறக்கிவிட வேண்டாம்.