பாறையைக் குடைந்த பெடல் போர்டு

செஞ்சிக்கு அருகே மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையைக் குடைந்து பிரம்மா, ஈசன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் சேர்க்கவில்லை என்று கல்வெட்டிலேயே பெருமையடித்துக்கொண்டான். ஆகவே, கிதாருக்கான பல ஒலி விளைவுகளை ஒன்றாக அடக்கும் மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெட்டி, உலகிலேயே முதலில் விழுப்புரம் மாவட்டத்தில்தான் பிறந்தது.

இந்த ஞானம் எட்ட ஜப்பானுக்கு வெகுகாலம் பிடித்தது. பாஸ் நிறுவனத்தின் எம்இ-5 என்ற மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெட்டி வந்தது 1988இல்தான்.

ஒவ்வொரு விளைவுக்கும் ஒரு பெடல் வைக்கும் தனிப் பெடல் கட்சியினரையும் குறை சொல்ல முடியாது. 1978இல் வந்த டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடலில் ஆரம்பிப்பார்கள். அதற்குத் துணையாக ஒரு டிலே, டிலேக்குத் துணையாக ஒரு ரிவெர்ப் என்று குடும்பம் பெருகும். பெரும்பாலானவற்றுக்கு 9 வோல்ட் வேண்டும். நடுநடுவே குட்டி கேபிள். ஒன்று மக்கர் செய்தாலும் மேடையே ஊமை. கலைஞர் பாதிப் பாட்டில் குந்தியபடி ஒவ்வொரு கேபிளாக ஆட்டிப் பார்ப்பார். முன்வரிசை அதற்கும் கைதட்டும்.

இந்தத் தொல்லையிலிருந்து விடுதலை தர 2015இல் லைன் 6 நிறுவனத்தின் ஹீலிக்ஸ் என்ற மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெட்டி வந்தது. பெடலே வேண்டாமென்று அதை வாங்குகிறவர், திரையில் அதே பழைய பெடல்களின் நகல்களைத் தேடியெடுத்து, அதே வரிசையில் அடுக்குகிறார். முன்னேற்றம் என்றால் இதுதான்.

எது உசத்தி என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. இதற்கிடையே இரு கட்சியினரின் கிதாரிலும் சுருதி இறங்கிக் கிடக்கிறது. பெட்டிக்குள்ளும் டியூனர் உண்டு, தனிப் பெடலாகவும் டியூனர் உண்டு. வாங்கியவர்கள் அதையும் ஒருமுறை மிதித்துப் பார்க்கலாம்.