ராட்சத இயந்திரத்துக்குள் யார் இருக்கிறார்?

கேள்வி: ராட்சத ரோபோ சண்டை பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறோம். பாதிப் படம் காதல், அம்மா, கல்லூரி என்றே போய்விடுகிறது. மனிதர்களை மொத்தமாக வெட்டிவிட்டு ரோபோக்களை மட்டும் மோதவிட்டால் என்ன குறைந்துவிடும்? (ராமநாதபுரம் வாசகர்)

பதில்: பயம் குறைந்துவிடும். பயம் போனால் சண்டை பார்க்கும் ஆசையும் போய்விடும். இதை முதலில் கண்டுபிடித்தவர் உங்கள் கடற்கரையோடு தொடர்புடையவர்தான். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் வழியில், 1964 புயலுக்கும் அசையாமல் நின்ற கோதண்டராமர் கோயில் இருக்கிறதல்லவா? விபீஷணன் ராமனிடம் அடைக்கலம் புகுந்த இடம் அது என்பது ஊரின் நம்பிக்கை. அந்த விபீஷணனைத்தான் சொல்கிறேன். வால்மீகியின் யுத்த காண்டத்தில், தூக்கம் கலைந்து எழுந்த கும்பகர்ணனின் மலை போன்ற உருவத்தைக் கண்டதுமே வானரப் படை சிதறி ஓடுகிறது. அப்போது விபீஷணன் ஒரு யோசனை சொல்கிறான்: அது நிமிர்த்தி நிறுத்திய ஓர் இயந்திரம் என்று படைக்குச் சொல்லிவிடுங்கள், அச்சம் தெளிந்துவிடும். எவ்வளவு நுட்பமான போர்த் தந்திரம், பாருங்கள்! உருவத்தின் உயரத்தில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. அதற்குள் பசியும் கோபமும் தீர்மானமும் கொண்ட ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணத்தை மட்டும் விபீஷணன் அகற்றப் பார்க்கிறான். அது அகன்றால் போதும், மிச்சமிருப்பது வெறும் உயரம்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மனிதர்களை வெட்டிவிட்டு ரோபோக்களை மோதவிடும் இயக்குநர், விபீஷணன் தன் படைக்குச் செய்ததைத் தன் ரசிகர்களுக்குச் செய்கிறார்.

கம்பர் இதற்கு எதிர்த்திசையில் போனார். போருக்கு வந்து நிற்கும் கும்பகர்ணனிடம் விபீஷணனையே அனுப்புகிறார். இந்தப் பக்கம் வந்துவிடு என்று தம்பி மன்றாடுகிறான். என்னை வளர்த்துப் போருக்கு ஒப்பனை செய்து அனுப்பியவனுக்காக உயிர் கொடுக்காமல் வரமாட்டேன், நீ ராமனிடமே போய்விடு என்கிறான் அண்ணன். பின்னால் மூக்கை இழந்து சாகும் தறுவாயில், இந்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாது, தலையை அறுத்துக் கடலில் போட்டுவிடு என்று ராமனிடமே கேட்கிறான். தமிழில் இதற்கு இணையான ராட்சதன் வேறு யாரும் இல்லை என்பது என் துணிபு. அவன் எத்தனை பேரை மிதித்தான் என்பதைப் படித்தவர்கள் மறந்துவிடுகிறார்கள். தம்பியிடம் பேசியதை மறப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ படங்களில் மனிதர்கள் திரையில் வந்தாலே எரிச்சலாக இருக்கிறதே, அது ஏன்? (கீழக்கரை வாசகி)

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது, என் வாதத்துக்கு எதிரானதும் அல்ல. 2007இல் வந்த முதல் படத்தில் சாம் என்ற பையனுக்குப் படத்தின் தொடக்கத்தில் ஒரு வேலை இருந்தது: முதல் காரை வாங்கப் போய், வேற்றுக்கிரக இயந்திரம் ஒன்றோடு நட்பாகிறான். அந்தப் பகுதி நன்றாகவே இருக்கிறது. தொடர் வளர வளர, மனிதர்கள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரை நீக்கினாலும் சண்டையின் முடிவு மாறாது. எரிச்சல் அங்கேதான் பிறக்கிறது. ஜப்பானியர்கள் இந்த விஷயத்தில் பல படி முன்னால் போனவர்கள். 1956இல் மிட்சுதெரு யோகோயாமா வரையத் தொடங்கிய ‘டெட்சுஜின் 28’ கதையில் ரோபோவை ஒரு சிறுவன் ரிமோட்டால் இயக்குகிறான். அந்தக் கருவி எவன் கைக்குப் போனாலும் ரோபோ அவன் பேச்சைக் கேட்கும், ஆகவே கதை முழுவதும் அந்தக் கருவியின் மேல் நிற்கிறது. 1972இல் கோ நாகாயின் ‘மாசிங்கர் இசட்’ ஆளை ரோபோவுக்குள்ளேயே உட்காரவைத்தது. 1979இல் வந்த ‘கண்டம்’ இன்னும் துணிந்தது: உள்ளே இருக்கும் அமுரோ போரில் களைத்துப் போகும் சிறுவன், எதிரியின் இயந்திரத்துக்குள்ளும் இன்னொரு மனிதன் இருக்கிறான். இரும்புக்கும் மனிதனுக்கும் உள்ள தூரத்தை இந்த மூன்று கதைகளும் மூன்று விதமாக அமைத்தன. ஒவ்வொன்றிலும் ஆளை எடுத்துவிட்டால் ரோபோ நின்றுவிடும்.

கேள்வி: ரோபோவுக்கே மனம் வந்துவிட்டால் மனிதன் எதற்கு? ‘எந்திரன்’ படத்தில் சிட்டிதானே எல்லாம்? (பரமக்குடி வாசகர்)

பதில்: வலுவான ஆட்சேபம். மனிதன் என்று நான் சொல்வது தசையும் ரத்தமும் உள்ளவரை மட்டும்தான் என்றால் என் வாதம் இங்கே தோற்றுவிடும். ஆனால் மனம் வந்த ரோபோ கதைக்குள் மனிதனின் நாற்காலியில் வந்து உட்காருகிறது. 2010இல் வந்த ‘எந்திரன்’ உச்சக்காட்சியில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் சேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் ராட்சதனாகவும் உருமாறுகின்றன. திரையரங்கு ஆர்ப்பரித்தது உண்மை. இருந்தாலும் நெஞ்சைப் பிசைவது அதற்குப் பின் வரும் காட்சி: தன்னைப் பிரித்துவிடும்படி வந்த உத்தரவை ஏற்று, சிட்டி தன் கையாலேயே தன் உறுப்புகளைக் கழற்றுகிறான். அப்போது அவனைப் படைத்த வசீகரன் எதிரில் நின்றாக வேண்டும். படைத்தவன் இல்லாத இடத்தில் கழற்றுவது பழுதுபார்க்கும் வேலை. 1980களில் தூர்தர்ஷனில் வந்த ‘ஜயண்ட் ரோபோ’ தொடரை நினைவிருப்பவர்களுக்கும் இது புரியும். கைக்கடிகாரத்தில் பேசி ரோபோவை இயக்கும் சிறுவன், கடைசியில் திரும்பி வா என்று அழைக்கிறான். அதுவரை சொன்னதையெல்லாம் கேட்ட ரோபோ அந்த ஒரு கட்டளையை மட்டும் மீறி எதிரியோடு விண்ணில் அழிகிறது. கட்டளையிட ஒரு சிறுவன் இருந்ததால்தான் அந்த மீறல் தியாகமாகிறது.

கேள்வி: பாம்பன் பாலமே ராட்சத ரோபோவாக எழுந்து நடப்பதாக ஒரு படக்கதை எழுதுகிறேன். மனிதப் பாத்திரம் வேண்டுமா? (தங்கச்சிமடம் வாசகி)

பதில்: கட்டாயம் வேண்டும், அதுவும் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். 1914இல் திறந்த பழைய பாலத்தின் நடுவில் இருந்த ஷெர்சர் வகைத் தூக்குப் பாலத்தின் இரண்டு இறக்கைகளையும் மனிதர்கள்தான் கையால் சுற்றித் தூக்கினார்கள். நூறாண்டுக்கு மேல் கப்பல்களும் படகுகளும் அப்படித்தான் வழி பெற்றன. 1964 டிசம்பர் புயல் பாலத்தைச் சிதைத்தபோது, ஸ்ரீதரன் தலைமையிலான பொறியாளர்களும் தொழிலாளர்களும் 46 நாட்களில் மீட்டார்கள். பிறகு அங்கே காற்றுமானி வந்தது: மணிக்கு 58 கிலோமீட்டரைக் காற்று தாண்டினால் சிக்னல் சிவப்பாகி ரயில் நிற்கும். இயந்திரம் தானாகவே முடிவெடுக்கிறதே என்று தோன்றும். அந்த 58ஐ மனிதர்கள்தான் யோசித்து நிர்ணயித்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மோட்டார் விசையால் செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. கையால் சுற்றுபவர்கள் இல்லை. ஆனாலும் தூக்கு, நிறுத்து என்று சொல்ல ஒருவர் அறையில் இருக்கிறார்.

உங்கள் கதைக்கு ஆள் அந்த அறையில் இருக்கிறார். கச்சான் காற்று ஏறும் நாளில் ஒரு பக்கம் விசைப்படகுகள் காத்திருக்க, மறுபக்கம் ரயில் வந்துகொண்டிருக்க, பாலம் எழுந்து நடக்கத் தொடங்கினால் அவர் என்ன செய்வார்? அதை முதலில் தீர்மானியுங்கள். பாலத்துக்குக் கை, கால், கண் வரைவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.