கேட்டமரானில் குடித்தனம்: புதிதாக வருபவர்களுக்குச் சில யோசனைகள்

வீட்டை விற்றாயிற்று. காரையும் விற்றாயிற்று. நாற்பத்தைந்து அடி நீளமும் இரண்டு உடலும் ஒரு பாய்மரமும் கொண்ட கேட்டமரான் ஒன்றை வாங்கிக் கரீபியன் கடலில் குடியேறியும் ஆயிற்று. வாழ்த்துகள். மாலுமி ஆகிவிட்டோம் என்ற நினைப்பை மட்டும் சீக்கிரம் விட்டுவிடுங்கள். நீங்கள் சேர்ந்திருப்பது பிளம்பர் வேலையில். எலெக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக், தையற்காரர் பொறுப்புகள் கூடுதல். சம்பளத்தை நீங்களே கொடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் காலண்டரைப் பழகுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிக்கேன் காலம். மீதி மாதங்கள் பயணக் காலம். பயணக் காலத்தில் பெக்வே, டொபேகோ கேஸ், செயின்ட் லூசியா என்று தீவு தீவாகப் போய், படகில் என்னென்ன உடைகிறது என்று பட்டியல் எழுத வேண்டும். ஹரிக்கேன் காலத்தில் கிரெனடாவின் தென்கரையில் நங்கூரம் போட்டு, அந்தப் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். கிரெனடா ஏறக்குறைய 12 பாகை வட அட்சத்தில், புயல்களின் வழக்கமான பாதைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் அந்தக் கோட்டை ஒட்டியே பாலிசி எழுதுகின்றன.

பாலிசியைப் படிக்கும் வழக்கம் புயலுக்கு இல்லை. 2004 செப்டம்பரில் ஐவன் கிரெனடாவின் மீதே ஏறி வந்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில், கிரெனடாவைச் சேர்ந்த கரியாகூ தீவைத் தாக்கி, அலையாத்திக் காட்டுக்குள் பத்திரமாக ஒளிந்துகொண்டதாக நினைத்திருந்த படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனது. ஆகவே மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு கிளம்பினாலே காபியைப் பாதியில் வைத்துவிட்டு வரைபடத்தைப் பார்க்க ஓடும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

பணம்? படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு எடுத்து வைக்க வேண்டும் என்பது படகுக்காரர்களிடையே புழங்கும் கணக்கு. இதைச் சொல்பவர் தன் படகை விற்கப் பார்ப்பவராக இருந்தால், குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பேச ஒன்றுமில்லை.

எஞ்சின் இரண்டு இருப்பதால் ஒன்று நின்றாலும் இன்னொன்று கரை சேர்க்கும் என்று தரகர் சொல்லியிருப்பார். உண்மைதான். இரண்டுக்கும் ஆயில் மாற்ற வேண்டும், இரண்டுக்கும் ஃபில்டர், இரண்டுக்கும் பெல்ட் என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றியதும் முதல் வேலையாக அதன் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அது குளிர்விக்கும் குழாய்களுக்குள் எங்கேயோ போய்ச் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். தேடி எடுக்கும் வரை எஞ்சின் கொதிக்கும். இதெல்லாம் நடப்பது பவளப்பாறைகளுக்கு நடுவே உள்ள குறுகலான வழியில்தான். நல்ல காற்றடிக்கும் நடுக்கடலில், எஞ்சினே தேவைப்படாத நேரத்தில், அது கெட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் கிடந்தால் அது ஒரு பேட்டரி. மின்சாரம் ஓடும், எளிதில் அரிபடும் உலோகம் கரைந்துகொண்டே போகும். அதற்காகவே புரொப்பெல்லர் அருகே ஒரு துத்தநாகக் கட்டியைத் திருகி வைக்கிறார்கள். மற்றவற்றுக்குப் பதிலாக அது கரையும். படகில் எதற்காக மாட்டினோமோ அதைத் தவறாமல் செய்யும் ஒரே பொருள் அதுதான்.

வீட்டு ஆர்.ஓ.வோடு மல்லுக்கட்டிய அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். கடல்நீரைக் குடிநீராக்க அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு, 55 பார் அளவில், அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தில் எந்த இணைப்பு கசியும் என்று கேட்காதீர்கள். கை எட்டாத இணைப்பு. ஆர்.ஓ. சவ்வுக்குக் குளோரின் ஆகாது; ஆகவே துறைமுகக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்படியே அலசிவிடக் கூடாது. சில வாரம் ஓட்டாமல் விட்டால் உள்ளே கிருமி வளரும். ரசாயனக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். 2011 முதல் கரீபியனுக்குக் கூட்டங்கூட்டமாக மிதந்து வரும் சர்காசம் கடற்பாசி, தண்ணீர் உறிஞ்சும் வாயைத் தேடி வந்து அடைக்கும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த தண்ணீரில் உங்கள் மைத்துனர் கால் மணி நேரம் குளிப்பார்.

கழிவறைக்கு வருவோம்; எப்படியும் வந்துதான் ஆக வேண்டும். சிறுநீரும் கடல்நீரும் சேரும் இடத்தில் சுண்ணாம்புப் படிவு உண்டாகிறது. மாதக்கணக்கில் அது குழாயின் உட்சுவரில் படிந்து, மாரடைப்புக்காரரின் ரத்தக்குழாயைப் போல வழியைச் சுருக்கிவிடும். அவ்வப்போது வினிகர் ஊற்றினால் தள்ளிப்போடலாம். முற்றிவிட்டால் மருந்து ஒன்றே: குழாயைக் கழற்றிக் கரைக்கு எடுத்துப்போய்க் கான்கிரீட் தரையில் ஓங்கி ஓங்கி அடிப்பது. உள்ளிருந்து வெள்ளைச் சில்லுகள் கொட்டும். அடிக்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் ஊரிலிருந்து வீடியோ அழைப்பு வரும். 'உனக்கென்னப்பா, தினமும் பிக்னிக்' என்பார்கள். சிரித்து வையுங்கள். கேமராவைக் கடல் பக்கம் திருப்பிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

உதிரிப் பாகங்களை வாங்கிக் குவிக்காதீர்கள், கேட்டமரானுக்கு எடை ஆகாது. எடை கூடினால் படகு தாழும், வேகம் குறையும், இரண்டு உடலுக்கும் நடுவிலுள்ள தளத்தின் அடிவயிற்றில் அலை ஓங்கி அறையும். அதே சமயம் உதிரிப் பாகம் இல்லாமல் கிளம்பாதீர்கள். இரண்டு அறிவுரையும் சரியானவை. எது இல்லையோ அதுதான் உடையும் என்பதால், எதைக் கரையில் விட்டுவிட்டு வருவது என்று கணவன் மனைவி உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். இரண்டு மாதம் போதும்.

இப்போது பெரிய பூஜை. ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை படகைத் தரையேற்றி, அடிப்பாகத்தில் ஒட்டி வளர்ந்த கொட்டலசுகளையும் பாசியையும் சுரண்டி, செம்பு கலந்த பெயின்ட் அடிக்க வேண்டும். ஏழெட்டு மீட்டர் அகலப் படகைத் தூக்கும் கருவி எல்லா யார்டிலும் இருக்காது. இருக்கும் இடத்தில் வரிசை நீளம். ஆகஸ்ட் வெயிலில், தலை முதல் கால் வரை மூடிய உடையில், முகமூடியோடு சுரண்டுங்கள். யோகாவுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம்.

பெயின்ட்கூடப் பரவாயில்லை, அந்த நாட்களில் படகிலேயே குடியிருப்பதுதான் கலை. பாத்திரம் கழுவினால் தண்ணீர் கீழே பெயின்ட் அடிப்பவர் தலையில் விழும் என்பதால் வாளியில் பிடிக்க வேண்டும். கடல்நீரால் குளிரும் ஃபிரிட்ஜ் ஓடாது. கழிவறை கூடவே கூடாது. இரவு இரண்டு மணிக்கு மழையில் ஏணி வழியே இறங்கி, கொசுக்களுக்கு நடுவே யார்டின் மறுகோடி வரை நடக்க வேண்டும். 'என்னங்க, டார்ச் எங்கே?' என்ற குரல் மேலிருந்து வந்தால் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். நடுக்கடல் புயலில் கைகோத்து நின்ற தம்பதிகளும் யார்டில்தான் வக்கீலை நினைப்பார்கள். 'இந்த வாரம் தண்ணீரில் இறக்கிவிடலாம்' என்று யார்டில் சொன்னால் எந்த வாரம் என்று கேட்காதீர்கள். அது அநாகரிகம்.

பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. கிரெனடாவில் காலை ஏழரைக்கு வி.எச்.எப். வானொலியில் படகுக்காரர்கள் கூடுவார்கள்: வானிலை, காணாமல் போன டிங்கி எனும் சிறுபடகு, யாரிடமாவது மூன்றரை அங்குலக் கவ்வி இருக்கிறதா என்ற விசாரிப்பு. பிற்பகலில் டொமினோ. சனிக்கிழமை ஹாஷ் ஓட்டம். 1938இல் கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய, ஓடி முடித்துப் பியர் குடிக்கும் வழக்கம் இங்கே வரை வந்திருக்கிறது. எந்தக் கூட்டத்திலும் 'எப்போது கிளம்புகிறீர்கள்?' என்று கேட்பார்கள். 'ஒரு பார்சல் வர வேண்டியிருக்கிறது' என்று சொல்லுங்கள். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரு பார்சல் வர வேண்டியிருக்கிறது.

நவம்பர் முடிந்ததும் பார்சலுக்காகக் காத்திராமல் வடக்கே கிளம்பலாம். மார்டினிக்கின் லெ மாரீனில் படகுச் சாமான் கடைகள் நிறைய, அங்கேயே கிடைத்துவிடும். வழியில் வியாபாரக் காற்று பதினைந்து நாட் வேகத்தில் அடித்து, இரண்டு உடலும் அலை மேல் வழுக்கிக்கொண்டு போகும் சில மணி நேரம் வாய்க்கும். ஆயில் கை, ஏணி, கான்கிரீட் தரை எல்லாம் அப்போது நியாயமாகவே தோன்றும். அந்த நேரத்தில் புதிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள், முக்கியமாக இன்னும் பெரிய படகு பற்றி.

ஸ்பேனர் பிடிக்கப் பிடித்தவர்கள் தாராளமாக வாங்குங்கள். கடல் மட்டும்தான் பிடிக்கும் என்பவர்கள் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். கழிவறை அடைத்தால் போன் செய்யலாம். வேறு யாராவது வந்து பார்ப்பார்கள்.