யாரு தம்பி அவ்ளோ நேரம் ஓட்டப்போறா?

"அண்ணே, உங்க எமுலேட்டர்ல டைமர் தாறுமாறாப் போகுது" என்று, அதை எழுதிய எங்கள் அண்ணனிடம் போய்ச் சொல்லுங்கள். என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். "எவ்ளோ நேரம் கழிச்சு?" என்பார்.

"43 நிமிஷம்ணே."

முகம் மலர்ந்துவிடும். "யாரு தம்பி அவ்ளோ நேரம் ஓட்டப்போறா?"

விஷயம் இதுதான். பிசியில் இருக்கும் ஏசிபிஐ டைமர் நொடிக்கு 35,79,545 தடவை துடிக்கும். அதைப் போலி செய்ய அண்ணன், ஓடிய நேரத்தை நானோநொடியில் எடுத்து, இந்த எண்ணால் பெருக்கி, பிறகு 100 கோடியால் வகுக்கிறார். வகுப்பதற்கு முன்பே பெருக்கல் வீங்கிவிடுகிறது. 43 நிமிடம் நெருங்கும்போது 64 பிட் இன்டிஜர் நிரம்பி மைனஸுக்குக் கவிழ்கிறது. உள்ளே ஓடும் ஓஎஸ் பாவம், காலம் எங்கே போனது என்று தெரியாமல் முழிக்கிறது. கியூஇஎம்யூ என்ற இன்னொரு எமுலேட்டரில் இதற்கென்றே மல்டிவ்64 என்று ஒரு குட்டி ஃபங்ஷன் உண்டு. இடைக்கணக்கை 64 பிட்டைவிட அகலமாக வைத்துக்கொள்ளும். அண்ணனுக்கு அது தெரியாதா என்ன? "ஸ்பீடு கொறையும்" என்பார். எவ்வளவு குறையும் என்று இதுவரை அளந்து பார்த்ததில்லை.

விண்டோஸ் 95-ஐ இழுத்துப் பாருங்கள். மில்லிநொடியை 32 பிட்டில் எண்ணியதால் 49.7 நாளில் உறைந்து நின்ற கதை. அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். "விண்டோஸ் 95-ஐ எவன்டா 49 நாள் ஓட்டினான்?" இந்த ஒரு இடத்தில் அவர் சொல்வதும் நியாயம்தான்.

சரி, போயிங் 787? தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் கவுன்டர் நிரம்பி, விமானத்தில் கரண்டே போகலாம் என்று 2015-ல் அமெரிக்க விமானத் துறை உத்தரவு போட்டது. குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள் என்பதுதான் அப்போதைக்குப் பரிகாரம். அண்ணன் இதைத் தனக்குக் கிடைத்த நற்சான்றாகவே வைத்திருக்கிறார். "பாத்தியா, ஏரோப்ளேனுக்கே ரீஸ்டார்ட்தான்!"

லினக்ஸ்காரர்கள் செய்த வேலையைச் சொன்னால் மட்டும் கோபம் வரும். அவர்கள் நேரத்தை எண்ணும் ஜிஃபீஸ் கவுன்டரைப் பூஜ்ஜியத்தில் தொடங்குவதில்லை. பூட் ஆகி 5 நிமிடத்தில் 32 பிட் நிரம்பும்படி வைத்துத் தொடங்குகிறார்கள். கோளாறு இருந்தால் எழுதினவன் கண்ணெதிரிலேயே வரட்டும் என்று. "நல்லா ஓடுறத நாமளே எதுக்கு ஒடைக்கணும்?" என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். காசு அவர்தான் கொடுப்பார், அதையும் சொல்லியாக வேண்டும்.

சவுண்ட் கார்டு உட்பட முழு எமுலேட்டரையும் ஒற்றை ஆளாக எழுதிய மனுஷன். பழைய சிப்களின் டேட்டாஷீட் பக்க எண்ணோடு மனப்பாடம். ஆனால் டெஸ்ட் செய்வது பத்து நிமிடம். பதினோராவது நிமிடத்தில் "எனக்கு வரலையே" என்று டிக்கெட்டை மூடிவிடுகிறார். நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் வாடிக்கையாளர் போன் அடிக்கும்போது எடுப்பது நாங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் நாங்கள்தான்.

அண்ணே, மாத்த வேண்டியது ஒரே ஒரு வரி. நீங்களே மாத்திடுங்க. இல்லேன்னா டிக்கெட்டை மூடாமலாவது விடுங்க, நாங்க மாத்திக்கிறோம்.