கறிவேப்பிலைப் பங்காளி

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டார வீவக அடுக்குமாடித் தாழ்வாரங்களில் தொட்டிச்செடி வளர்க்கும் தமிழர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கறிவேப்பிலையில் புழுவைக் கண்டால் முதலில் அலறல், அடுத்து படம், பிறகு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்ற விசாரணை. கேள்வியே தப்பு. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. கறிவேப்பிலை அழகி என்னும் பட்டாம்பூச்சி முட்டையிடத் தேடுவது இந்தக் குடும்பத்து இலைகளைத்தான். பெண் பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டிச் சுவைபார்த்து, திருப்தியானால்தான் முட்டை வைக்கிறது. தேக்கா சந்தையில் கறிவேப்பிலைக் கட்டை முகர்ந்து வாங்குகிறவர்கூட இவ்வளவு கறாராக இருப்பதில்லை. ஆகவே அந்தப் புழு திருட வந்ததல்ல. பங்கு கேட்டு வந்த பங்காளி.

பங்காளி படத்துக்கு நிற்பதுதான் கஷ்டம். இளம்புழு பறவை எச்சம்போலவே தோற்றமளிக்கும். படம் சுத்தமாக வரவேண்டுமென்று அதையே துடைத்தெறிந்துவிட்டு, ‘புழுவைக் காணோமே’ என்று தேடுகிறவர்களும் இருக்கக்கூடும். வளர்ந்ததும் பச்சை உடம்பில் போலிக் கண்களைக் காட்டி மிரட்டும். குச்சியால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பை நீட்டி நாற்றம் பரப்பும். கைப்பேசியில் நாற்றம் பதிவாவதில்லை என்பது குடும்பக் குழு செய்த புண்ணியம்.

‘ரசத்துக்கு வளர்த்த செடியைப் பூச்சிக்கு ஏன் தரவேண்டும்?’ என்பார்கள். அதே தாழ்வாரத்தில் தேன்சிட்டு கூடு கட்டினால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம். அந்தத் தேன்சிட்டு குஞ்சுகளுக்கு ஊட்டுவது பூச்சியும் சிலந்தியும்தான். விருந்தாளி வேண்டும், அவர் சாப்பிடுவது மட்டும் வேண்டாம் என்றால் என்ன நியாயம்? புழுவும் சில வாரங்களில் கூட்டுப்புழுவாகிவிடும். வேர் நலமாக இருந்தால் செடி மறுபடி துளிர்க்கும்.

‘புழு சரி, உடும்பும் மலைப்பாம்பும் வந்தால்?’ என்பது நியாயமான பயம். உட்லண்ட்ஸுக்கு வடக்கே ஜொகூர் நீரிணை, ஊருக்குள்ளேயே சதுப்புநிலக் காட்டோடு அட்மிரல்டி பூங்கா, மேற்கே சுங்கை பூலோ. அந்த விலங்குகள் எட்டிப்பார்க்கத்தான் செய்யும். அவற்றோடு பங்காளி உறவு கொண்டாட வேண்டியதில்லை. விலகி நின்று தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொன்னால் போதும். தீனி போட்டு உறவாடவும் கூடாது. 2020இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி வனவிலங்குக்கு உணவிட்டால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். குரங்குக்கு வாழைப்பழம் நீட்டி எடுக்கும் ஒரு படத்துக்கு அது அதிக விலை.

படம் எடுப்பதில் பிழையில்லை. பிறர் கண்ணைத் திறக்கும் படங்களும் அதில் உண்டு. குச்சியை மட்டும் கீழே போடுங்கள். செடியில் இலை குறைந்தால், தேக்காவில் கறிவேப்பிலைக்குப் பஞ்சமில்லை.